தடம் இல்லாத கடி

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்திப் பிழைத்தவள் நான். புளியமரத்தடியில் வெள்ளையாக ஏதோ நின்றது என்று எந்தப் பெண்ணாவது வகுப்பில் சொன்னால், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில், நிலா இருந்ததா என்று கேட்டுக் கேட்டே அந்தப் பேயை விரட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவளை ஒன்று பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை. அது ஒரு நேரம். காலை பத்து மணி. வகுப்பில் பேசிக்கொண்டே இருப்பேன், பத்து மணிக்குப் பேச்சு சட்டென்று நின்றுவிடும். லீவு நாளானால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம், உடம்புக்குத் தெரிந்துவிடும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், நாட்டு ஓடு போட்ட வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது. என்னைவிட ஐந்து வயது சின்னவளான என் தங்கையைக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம், நல்ல மனிதர்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "இவ கேக்கிற கேள்விக்கு எந்த மாப்பிள்ளை நிப்பான்?" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வாள். குறையாக ஆரம்பித்துப் பெருமையாக முடிப்பாள்.

அம்மாவுக்கு எல்லா சாமியும் வேண்டும். பௌர்ணமிக்கு மலை சுற்றுவாள், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், தலைவலி வந்தால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பாள். நான் கேலி செய்வேன். "முடிஞ்சு வெச்சியே, கூடவே ஒரு மாத்திரையும் போட்டியே, தலைவலி எதுக்குப் போச்சு?" என்பேன். "ரெண்டுக்கும் போச்சு, உனக்கு இன்னா வந்துச்சு?" என்பாள். இதெல்லாம் எங்களுக்குள் தினமும் நடக்கிற விளையாட்டு. யாருக்கும் இதில் கோபம் வந்ததில்லை.

தங்கை கணவருக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். சுற்றுப்பட்ட கிராமங்களில் யாரையாவது பாம்பு கடித்தால் முதலில் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால்வரை தடவி மந்திரிப்பார். காசு வாங்க மாட்டார், வாங்கினால் மந்திரம் பலிக்காதாம். இது நடந்ததற்கு முந்தின வருஷம் கார்த்திகை தீபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவரை, எல்லாரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்த நேரத்தில் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, உங்ககிட்ட வர்றவங்கள்ல பாம்பைக் கண்ணால பார்த்தவங்க எத்தனை பேரு?"

"பாதிப் பேரு பாத்திருப்பான்."

"அதுல சாரை எத்தனை, தண்ணிப் பாம்பு எத்தனை?"

"கடிபட்டவன் பாம்போட பேரைக் கேட்டுக்கினா வருவான்?" என்று சிரித்தார்.

"விஷம் இல்லாத பாம்பு கடிச்சவன் மந்திரிச்சாலும் பொழைப்பான், மந்திரிக்காட்டியும் பொழைப்பான். நல்ல பாம்பே கடிச்சாலும் எல்லாக் கடியிலயும் விஷம் எறங்காது. பொழைச்சவன் வெத்தலை பாக்கு வெச்சு உங்களைக் கும்பிடுறான். செத்தவன் வந்து, உங்க மந்திரம் பலிக்கலைன்னு சொல்லவா போறான்?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. தங்கை கணவருக்குப் புரையேறிவிட்டது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "செத்தவன் வரமாட்டான் டீச்சரம்மா. நான்தான் அவன் வீட்டுக்குப் போவேன். காரியத்துக்கும் போய் ஒக்காந்துட்டு வருவேன்" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. மறுநாள் பள்ளியில் மற்ற ஆசிரியைகளிடம் என் கேள்விகளை மட்டும் சொல்லிக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன்.

என் வாதம் சரியான வாதம்தான். இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தீபத்துக்கு எங்கள் ஊரில் எந்த வீடும் அந்த வீட்டாருக்குச் சொந்தமில்லை. சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் என்று யார் வந்தாலும் படுக்க இடம் கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்த வருஷத் தீபத்துக்கு எங்கள் வீட்டில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். ஒரு வாரமாக நல்ல மழை. ஆண்கள் முன்கூடத்தில் படுத்தார்கள், பெண்கள் பின்கட்டில். மழைக்கு நனையாமல் விறகையும் நெல் மூட்டைகளையும் அந்தப் பின்கட்டில்தான் அடுக்கியிருந்தோம். எனக்கு இடுப்பு வலி என்பதால் வழக்கம்போல் கயிற்றுக் கட்டிலில் படுத்தேன். தங்கை கட்டிலுக்குக் கீழே, மூட்டைகளை ஒட்டி, கோரைப்பாயில் படுத்தாள்.

விடியற்காலையில் பரணி தீபம் பார்க்கப் பெண்கள் எழுந்தபோது அவளும் எழுந்தாள். "அக்கா, தூக்கத்துல முழங்கைகிட்ட ஏதோ சுருக்குன்னுச்சு" என்றாள். நான் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "கட்டெறும்பா இருக்கும், மழைக்கு உள்ள வந்திருக்கும்" என்றேன். அவள் சரி என்று குளித்துவிட்டு அம்மாவோடு கோயிலுக்குப் போய்விட்டாள்.

ஆறரை மணிக்குத் திரும்பி வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு தடவை வாந்தி எடுத்தாள். தீபத்தன்று எங்கள் வீட்டுப் பெண்கள் மலைமேல் ஜோதி தெரிகிறவரை பச்சைத் தண்ணீரும் தொட மாட்டார்கள். இவள் குழந்தை வேண்டுமென்று வேண்டிக்கொண்டு முதல் நாள் மதியத்திலிருந்தே சாப்பிடவில்லை. "வெறும் வயிறு, பித்தம். சோடா உப்பு கரைச்சுத் தரேன், குடி" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அம்மா மஞ்சள் துணியைத் தேடினாள். நான் வழக்கம்போல் ஏதோ கேலி பேசினேன். என்ன பேசினேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை, அவள் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு அந்தப் பத்து மணி. மாமா கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். தங்கை தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றியவர் அப்படியே அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார். ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள். எழுந்து வந்து என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். நான் அகல் விளக்குகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சரம்மா, பொண்ணு கண்ணைப் பாத்தீங்களா? இமையைத் தூக்க முடியாம கெடக்குது."

"நாலு மணிக்கே எழுந்தா மாமா. தூக்கம்."

"தூக்கக் கண்ணு வேற, இது வேறம்மா. தரையில படுத்திருக்குது. வெடியக்காலம் வயித்து நோவு. அப்புறம் இமை எறங்குது. இந்த மாதிரி மூணு பேரை நான் பாத்துட்டேன். மூணும் பொழைக்கல. எனக்குப் பயமா கீது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிடலாம்."

"பாம்புன்னு சொல்றீங்களா? அப்போ மந்திரிங்களேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"இதுக்கு என் மந்திரம் நிக்காதும்மா" என்றார்.

ஆயுள் முழுக்க ஒரு மந்திரத்தை நம்பி வாழ்ந்த மனிதர், அது இங்கே பலிக்காது என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்கிறார். எனக்கு அது கேட்கவில்லை. போன வருஷம் மடக்கினோமே, அதனால் நழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய், பள்ளியிலிருந்து எடுத்து வந்திருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தேன். தங்கையின் கையை வெயிலில் நீட்டச் சொல்லி முழங்கையைச் சுற்றி அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சிவப்பில்லை, வீக்கமில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. பாடப் புத்தகத்தில் அப்போது ஒரு படம் இருக்கும்: விஷப்பாம்பு கடித்தால் இரண்டு புள்ளி, விஷமில்லாதது கடித்தால் வரிசையாகச் சின்னப் புள்ளிகள். வருஷா வருஷம் கரும்பலகையில் நான் வரைகிற படம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவை வாயடைக்க வேண்டுமே. வேப்பங்கொழுந்து ஒன்றைக் கிள்ளி வந்து தங்கையை மென்று பார்க்கச் சொன்னேன். விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது என்பது அவர்கள் ஊர் வழக்கம். தங்கை விரதம் என்று தயங்கி, மென்று, முகத்தைச் சுளித்துத் துப்பினாள். "கசக்குது அக்கா."

"பாத்தீங்களா மாமா? தடம் இல்ல, வீக்கம் இல்ல. உங்க வேப்பிலையே கசக்குதுன்னு சொல்லிடுச்சு. இனிமே இதைப் பேசி அவளைப் பயமுறுத்தாதீங்க."

 அவர் முன்பக்கம் போய்விட்டார்.

வேப்பிலைச் சோதனையில் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. வகுப்பில் அதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எனக்குச் சாதகமாகச் சொன்னதும் எடுத்துக்கொண்டேன். அது கசக்கவில்லை என்று அவள் சொல்லியிருந்தால், நாக்கில் ருசி செத்திருக்கும், விரதம் என்று சொல்லியிருப்பேன். எந்தப் பதில் வந்தாலும் நான் ஜெயிக்கிற மாதிரி ஒரு சோதனை வைத்தேன். இதற்குப் பெயர் சோதனை இல்லை என்று எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்றும் பிற்பாடு தெரிந்தது. என் கண் முன்னால் மூன்று விஷயம் இருந்தது: சுருக்கென்றது, வயிற்று வலி, இறங்கிய இமை. நான் மூன்றுக்கும் மூன்று காரணம் வைத்திருந்தேன். எறும்பு, விரதம், தூக்கம். மூன்றுமே இயற்கையான காரணங்கள், பேய் பிசாசு எதுவும் கலக்காதவை. மாமாவிடம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருந்தது. செத்தவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவர்கள் கடைசியாக எப்படி இருந்தார்கள் என்று கேட்டு, நினைவில் வைத்திருந்து கொண்டுவந்த காரணம் அது. அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் அறிவியல் அவரிடம் இருந்தது. என்னிடம் இருந்தது பூதக்கண்ணாடி மட்டும்தான்.

மதியம் அவள் பின்கட்டில் படுத்தாள். தூங்கட்டும், சாயந்திரம் ஜோதி பார்க்க எழுப்பிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சத்தம் போடாமல் நடமாடினோம். விரதம் இருப்பவளுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் விழுங்க முடியவில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். நாலு மணிக்கு நான் போய்த் தொட்டபோது ஏதோ சொல்ல வந்தாள். நாக்கு எழவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள், பாதியில் விழுந்துவிட்டது. இமைகள் மூடியே இருந்தன.  அம்மா என்று கத்தினேன்.

என் கயிற்றுக் கட்டிலில் கிடத்திக் கட்டிலோடு தூக்கினார்கள். தங்கை கணவர், மாமா, இன்னும் இரண்டு பேர். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், ஓட இடமில்லை. ஆஸ்பத்திரி சாதாரண நாளில் நடந்து போகிற தூரம். அன்றைக்கு ஊருக்குள் ஒரு வண்டி நுழைய முடியாது. தெரு முழுக்க ஜனம், எல்லா முகமும் மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்திக் கத்தித் தொண்டை போனது. ஒவ்வொரு ஆளாக விலகினார்கள். அப்படியே ஆறு மணி ஆகிவிட்டது. மலை உச்சியில் தீபம் ஏறியது. அண்ணாமலையாருக்கு அரோகரா என்று ஊரே ஒரே குரலில் கத்த, எல்லாக் கையும் தலைக்கு மேல் போனது. கொஞ்ச நேரம் எங்களால் ஒரு அடி நகர முடியவில்லை.

அந்தச் சத்தத்தில் தங்கையின் உதடு அசைந்தது. என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றரை நாளாக அவள் பட்டினி கிடந்தது அதற்குத்தான். நான் குனிந்து இரண்டு கட்டை விரலாலும் அவள் இமைகளைத் தூக்கிப் பிடித்தேன். கண் மலைப்பக்கம் இருக்கும்படி தலையைத் திருப்பினேன். உள்ளே கருவிழி இருந்தது, ஆனால் அசையவில்லை. அவள் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. பார்த்தாள் என்று அம்மா பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். நான் மறுக்கவில்லை. அதை மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "தரையில படுத்தாங்களா? காலையில வயிறு வலிச்சுதா?" கட்டுவிரியன் என்றார். தடம் இல்லையே சார், கண்ணாடி வைத்துப் பார்த்தேனே என்றேன். "இந்தப் பாம்புக்குப் பல்லு சின்னது. நெறைய பேருக்குத் தடமே தெரியாது. வீங்காது, நோவு எடுக்காது. தூக்கத்துல கடிச்சா எறும்புன்னுதான் நெனைப்பாங்க" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஊசிகள் போட்டார்கள், கையால் பை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள், அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

நான் அவளைக் கொன்றேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கொல்லவில்லை என்று எழுதவும் வரவில்லை.

பாம்பை யாரும் பார்க்கவில்லை. காரியம் முடிந்ததும் பின்கட்டிலிருந்த எல்லா மூட்டையையும் நகர்த்தினேன், விறகை ஒவ்வொன்றாக வெளியே போட்டேன், சுவர் ஓட்டைகளைக் குச்சியால் குத்திப் பார்த்தேன். ஒரு சட்டைகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பாம்பு இருந்தது என்பதே இன்றுவரை ஒரு முடிவுதான், அவள் உடம்பில் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு. அப்படிப் பார்க்காமலே முடிவுக்கு வரலாம் என்று தெரிந்த நான்தான், பார்த்தால்தான் நம்புவேன் என்று அன்றைக்கு நின்றேன். பல மாதம் அந்தப் பாயை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுக்க முடியாமல் தரையில், அவள் படுத்த அதே இடத்தில் படுத்தேன். தூக்கத்தில் முழங்கையில் சுருக்கென்னும். எழுந்து விளக்கைப் போட்டால் எதுவும் இருக்காது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் இருந்தார், வேதாந்தம் நிறையப் படித்தவர். "போனது உடம்புதாம்மா, அவ எங்கயும் போகல" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பேச்சை எந்த நாளும் யாரும் தப்பென்று காட்ட முடியாது. அவள் இருந்தாலும் அது சரி, செத்தாலும் சரி, கடித்தது பாம்பானாலும் எறும்பானாலும் சரி. எது நடந்தாலும் சரியாகவே இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு என்ன செய்திருக்க முடியும்? மாமா சொன்னது அப்படியில்லை. அது தப்பாக இருந்திருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் சிரித்து அனுப்பியிருக்கலாம். தப்பாகப் போகக்கூடிய ஒன்றைத் தைரியமாகச் சொன்னார். நான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, எந்தக் கேள்வியும் தொட முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். விதி. வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். ஆள் யாரும் இல்லாதபோது சுவரைப் பார்த்தும் சொன்னாள். "அவ விதி அவ்வளவுதான். கும்பிடப் போன நாள்லயே கூப்பிட்டுக்கினான்." தங்கை கணவரும் அதையே சொல்லி அழுதார், பிறகு மெல்ல மெல்லத் தேறினார். அவர்களுக்கெல்லாம் தூங்க ஒரு தலையணை கிடைத்தது. எனக்கு விதியில் நம்பிக்கை இல்லை. வேண்டுமென்று ஆசைப்பட்டுக்கூடப் பார்த்தேன், வரவில்லை. காரணம் தெரிந்தவளுக்கு விதி எப்படி வரும்? பத்து மணிக்குக் கிளம்பியிருந்தால் பத்தரைக்கு ஆஸ்பத்திரி. தெருவில் அவ்வளவு ஜனமும் இல்லை அப்போது. இதைக் கணக்குப் போடத் தெரியாமல் இருந்திருந்தால் நானும் அழுது தேறியிருப்பேன்.

கிணற்றடியில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை என்று நினைத்தேன், ஏனென்றால் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தீபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் அந்தப் பாடம் வந்தது. கரும்பலகையில் இரண்டு புள்ளி வைத்தேன். சுண்ணாம்புக்கட்டி கையிலேயே நின்றுவிட்டது. பெண்கள் பென்சிலோடு காத்திருந்தார்கள். "இந்தப் படத்தை வரைஞ்சுக்குங்க, பரீட்சைக்கு வரும்" என்றேன். பிறகு, "இந்தப் படம் எல்லா நேரமும் சரி இல்ல. தடம் இல்லாமயும் கடி உண்டு. இதையும் எழுதிக்குங்க" என்றேன். முன்வரிசையில் ஒருத்தி, "எது டீச்சர் சரி? புக்ல இருக்கிறதா, நீங்க சொல்றதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வருஷங்கள் ஓடின. எண்பதுகளில் வேங்கிக்கால் பக்கம் சின்னதாக வீடு கட்டினேன், சிமெண்டுத் தரை, ஓட்டை எதுவும் இல்லாத சுவர். அம்மாவும் வந்தாள். அந்தத் தரையையும் தினம் படுக்கும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். கேலி, எதிர்க்கேலி எல்லாம் எங்கள் வீட்டில் நின்று வெகு காலமாகியிருந்தது. அவள் மஞ்சள் துணியில் காசு முடிந்தால் நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

எண்பதுகளின் கடைசியில் மாமா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் மட்டும் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிப் போனேன். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பத்து பன்னெண்டு வருஷமா அவரு ரொம்ப மாறிட்டாரு. பாம்புக்கடின்னு எவன் வந்தாலும் மொதல்ல பஸ் ஏத்திடுவாரு. தடம் இல்லன்னா இன்னும் ஜாஸ்தி அவசரப்படுவாரு. கூடவே ஆஸ்பத்திரிவரைக்கும் போவாரு, வழியெல்லாம் மந்திரிச்சுக்கினே போவாரு" என்றார் ஒருவர். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. செத்தவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருகிற ஆள் இனிமேல் யார் என்ற நினைப்பு வந்து, பந்தலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் புடவைகூட மாற்றவில்லை, எதிரில் உட்கார்ந்தேன். அவர் போய்விட்டார், இனிமேல் அது எனக்கு மட்டும்தான் தெரியும், நானும் போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் பஸ்ஸிலேயே வந்துவிட்டது. என்னைத் திட்டட்டும், வீட்டைவிட்டுப் போ என்று சொல்லட்டும், எதையாவது சொல்லட்டும் என்று இருந்தது.

"அம்மா, அன்னைக்குக் காலையில பத்து மணிக்கே மாமா என்கிட்ட சொன்னாரும்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்னு. நான்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லி அவர் வாயை அடைச்சேன்."

அம்மாவின் கை நிற்கவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"தெரியும்" என்றாள். "உன்கிட்ட பேசிட்டு நேரா என்கிட்டதான் வந்தாரு. நீங்களாவது சொல்லுங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. என் பொண்ணு பாத்துட்டா, அவ சொன்னா தப்பாதுன்னு நான்தான் அவரைப் போகச் சொன்னேன்."

 இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் அந்தப் பத்து மணியைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"அப்புறம் ஏம்மா வந்தவங்க எல்லார்கிட்டயும் விதி விதின்னு சொன்னே?"

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வேற இன்னாத்தைச் சொல்லச் சொல்றே? உன் பேரையா சொல்லுவேன்?" என்றாள்.